பாலாறும் ஏழாங்கிளாஸ் துகள் படமும்

திட, திரவ, வாயுத் துகள் படம் போட்டு மார்க் வாங்கினேனே தவிர, விஷயம் புரிஞ்சது ஆம்பூர்ல பாட்டி வீட்டுக் கிணத்துத் தண்ணியைக் குடிச்சப்பதாங்க. ஒரே கரிப்பு!

அந்தக் கால ஆவாரம்பட்டை டானின் பெரிய மூலக்கூறு. தோலுக்குள்ள ஊர்ந்து போக வாரக்கணக்காகும். குரோமியம் உப்புக்கு ஓரிரு நாள் போதும். ஆனா ரெண்டுக்கும் முன்னாடியே பச்சைத்தோல் அழுகாம இருக்க சாதா உப்பு தடவியிருப்பாங்க. ஊறவச்சா அது அயனாப் பிரிஞ்சு தண்ணி முழுக்கப் பரவிடும். சேறு தொட்டியில படியும். உப்பு படியாது, மணல்ல வடிகட்டினாலும் நிக்காது.

1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தினவரே ஈடு கட்டணும்னு சொல்லி ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் போட்டுச்சு. (பத்தாயிரம்தான்!) 2025 ஜனவரியில அதே பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்பு. பாட்டி இப்பவும் கேன் தண்ணிதான் வாங்கறாங்க.