சினைப்பைக் கட்டிகளும் திசு ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெண்ணின் சினைப்பையில் தோன்றும் கட்டிகளைத் தீங்கற்றவை, புற்றுத்தன்மை உடையவை என மருத்துவம் பகுக்கிறது. அளவைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. வயிற்றை நிறைக்கும் நீர்க்கட்டி தீங்கற்றதாகவும், சிறிய கட்டி புற்றாகவும் இருக்கக்கூடும். இப்பகுப்பை உறுதிசெய்வது திசு ஆய்வே. அது கட்டிக்குப் பெயரிடுவதோடு நில்லாமல், எதனை நீக்குவது, எதனைக் காப்பது என்பதையும் முடிவுசெய்யும் நிலைக்கு வளர்ந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறுவையும் நுண்ணோக்கியும்

1809இல் அமெரிக்காவின் கெண்டக்கியில் எஃப்ரைம் மெக்டவல், ஜேன் டாட் கிராஃபோர்டு என்பவரின் சினைப்பையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள கட்டியை மயக்க மருந்தின்றி அகற்றினார். அப்பெண் மேலும் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். கட்டி கொடியதா என்பதை அன்று பிந்தைய வாழ்நாளே உணர்த்தியது. 1838இல் ஜொகன்னஸ் முல்லர் புற்றுக்கட்டிகளின் உயிரணு அமைப்பை நுண்ணோக்கிவழி விளக்கியபின் இந்நிலை மாறத் தொடங்கியது.

எனினும், நுண்ணோக்கியில் கண்டதைப் பொருள்கொள்வதிலும் பிழை நேர்ந்தது. 1896இல் க்ரூக்கன்பெர்க் சினைப்பையிலேயே தோன்றியதாக விவரித்த கட்டி, பெரும்பாலும் இரைப்பை முதலிய உறுப்புகளிலிருந்து பரவும் புற்று எனப் பின்னர் அறியப்பட்டது.

எல்லைநிலைக் கட்டிகள்

இருவகைப் பகுப்பில் அடங்காத கட்டிகளை 1929இல் ஹோவர்டு டெய்லர் சுட்டிக்காட்டினார். இவற்றின் உயிரணுக்கள் பெருகினும் அடித்திசுவை ஊடுருவுவதில்லை. 1973இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இவ்வகைக்குத் தனி இடம் அளித்தது. இதனால், குழந்தைப்பேற்றை விரும்பும் இளம்பெண்கள் பலருக்கு மறு சினைப்பையையும் கருப்பையையும் காக்கும் வழி பிறந்தது.

சினைப்பைக்குள் அடங்கிய கட்டியில் புற்று ஐயம் இருப்பின், ஊசியால் திசு எடுப்பது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. கட்டி உடைந்து வயிற்றறையில் நோய் பரவக்கூடும். ஆகவே கட்டியைச் சிதையாமல் அகற்றி, அறுவையின்போதே உறைவெட்டு முறையில் ஆராய்வர். இம்முறையை 1905இல் மேயோ மருத்துவமனையின் லூயிஸ் வில்சன் நடைமுறைக்குரியதாக்கினார். எனினும் இறுதி முடிவு பின்னர் நிகழும் முழுமையான திசு ஆய்வையே சார்ந்தது.

தமிழகச் சூழல்

ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தை அடுத்த கலசப்பாக்கம், 1989 வரை வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வேலூரில் 1902இல் ஐடா ஸ்கடர் பெண்கள், குழந்தைகளுக்கான மருத்துவமனையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். சென்னையில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. முன்னது பெண்ணை மருத்துவரிடம் கொணர்ந்தது. பின்னது புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவத்தை அளித்தது.

முடிவுரை

சினைப்பைக் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வெளிப்படையான அறிகுறி காட்டுவதில்லை. அகற்றிய கட்டியைத் திசு ஆய்வுக்கு அனுப்பாமல் விடின், நோய் அறியப்படாமலே தொடரக்கூடும். தீங்கற்ற கட்டியைப் புற்றெனக் கொள்ளின், காக்கத்தக்க உறுப்பு இழக்கப்படும். இவ்விரு இழப்புகளையும் தடுப்பதே திசு ஆய்வின் வரலாற்றுப் பங்களிப்பாகும். சிற்றூர்ப் பெண்ணுக்கும் அது உரிய காலத்தில் கிட்டும்போதே இவ்வரலாறு முழுமை பெறும்.