வடசென்னையில் வீட்டு இணைய இணைப்பின் வரலாறு

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை அடங்கிய வடசென்னையில் வீடுகளுக்கான இணைய இணைப்பு மூன்று கட்டங்களைக் கடந்து வந்துள்ளது. முதலில் தொலைபேசிக் கம்பி, அடுத்து கேபிள்காரர்கள் இழுத்த லேன் கம்பி, பின்னர் ஒளியிழை. பெரிய கடலடி வடங்கள் சென்னைக் கரையைத் தொட்ட பிறகும், வீட்டில் கிடைத்த வேகத்தைத் தெருவிலிருந்து உள்ளே வரும் கடைசிச் சில நூறு மீட்டர் கம்பியே பெரும்பாலும் முடிவு செய்தது.

தந்தியும் தொலைபேசியும்

1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடித் தந்திவடம் இயங்கத் தொடங்கியது. 1881-82 காலத்தில் ஓரியண்டல் டெலிபோன் நிறுவனம் சென்னையின் முதல் தொலைபேசி இணைப்பகத்தை எர்ரபாலு செட்டித் தெருவில் நிறுவியது. இத்தெரு துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுன் வணிகப் பகுதியில் உள்ளது. ராயபுரம் இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவுதான். ஆனால் சாதாரண வீடுகளுக்குத் தொலைபேசி வர நூறாண்டுக்கு மேல் ஆனது. 1990-களின் தொடக்கத்தில்கூட விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அவர்களுக்குத் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தே தொலைபேசியாக இருந்தது.

டயல்-அப் காலம்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. முதலில் இச்சேவை கிடைத்த நகரங்களுள் சென்னையும் ஒன்று. நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் 250 மணி நேரப் பயன்பாட்டுக்குத் தனிநபர் கட்டணம் 5,000 ரூபாய். அந்த வேகத்தில் ஒரு மெகாபைட் கோப்பு வந்து சேரச் சுமார் 15 நிமிடம் ஆகும். இணையத்தில் இருக்கும்வரை வீட்டுத் தொலைபேசியில் பேச முடியாது. 1998 நவம்பரில் தனியாருக்கும் உரிமம் வழங்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்போவே (பின்னர் சிஃபி) அந்த ஆண்டே சேவையைத் தொடங்கியது. ஆயினும் பெரும்பாலோர் இணையத்தை முதலில் பார்த்த இடம் தெருவோர பிரவுசிங் சென்டர்தான்.

அகன்ற அலைவரிசை

2002-இல் பார்தி, சிங்டெல் நிறுவனங்கள் கூட்டாக அமைத்த ஐ2ஐ வடம் சென்னையையும் சிங்கப்பூரையும் சுமார் 3,200 கி.மீ. நீளத்தில் இணைத்தது. 2005-இல் சீ-மீ-வீ 4 வடமும் சென்னைக்கு வந்தது. இதனால் நகரத்துக்கு வரும் கொள்ளளவு பெருகியது. 2004 அக்டோபரில் வெளியான நடுவண் அரசின் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டுக்குக் குறையாத இணைப்பை 'பிராட்பேண்ட்' என வரையறுத்தது. இந்த வரம்பு 2013-இல் 512 கிலோபிட்டாகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்ந்தது.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தனது அகன்ற அலைவரிசைச் சேவையைத் தொடங்கியது. ஏ.டி.எஸ்.எல். முறையில் அமைந்த இச்சேவைக்குப் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியே போதும். பேசிக்கொண்டே இணையத்தையும் பயன்படுத்தலாம். ஆனால் இணைப்பகத்திலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் சரியும். ஏ.டி.எஸ்.எல்.2+ முறையின் உச்ச வேகமான 24 மெகாபிட் இணைப்பகத்துக்கு மிக அருகில் மட்டுமே கிடைக்கும். கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டது. செம்புக் கம்பியின் இணைப்புகளில் களிம்பு பிடித்தால் மின்தடை கூடும், இரைச்சல் ஏறும், இணைப்பு அடிக்கடி அறும்.

கேபிள்காரர் இழுத்த கம்பி

தெருவில் ஏற்கெனவே தொலைக்காட்சிக் கம்பி இழுத்திருந்த கேபிள்காரர்கள் வழியாகத் தனியார் இணையமும் வீடுகளுக்குப் பரவியது. ஓர் ஈத்தர்நெட் லேன் கம்பி 100 மீட்டர் வரைதான் நம்பகமாக வேலை செய்யும். எனவே மொட்டை மாடிகளிலும் கம்பங்களிலும் இடையிடையே ஸ்விட்ச் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒரு வீட்டில் மின்சாரம் போனால் அங்குள்ள பெட்டி அணையும், அதற்கு அப்பாலுள்ள வீடுகளுக்கும் இணையம் நிற்கும். இடி இடித்தால் செம்புக் கம்பி வழியே பாயும் மின்னழுத்தம் பெட்டிகளை எரித்துவிடும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரையைக் கடந்த வர்தா புயலில் மரங்களும் கம்பங்களும் சாய்ந்தபோது, தலைக்கு மேல் தொங்கும் கம்பிகள் எவ்வளவு பலவீனமானவை என்பது தெரிந்தது.

ஒளியிழை

அடுத்த மாற்றம் ஒளியிழையை வீட்டுக்குள் வரை கொண்டு வந்தது. 2019-இல் பி.எஸ்.என்.எல். 'பாரத் ஃபைபர்' சேவையையும், செப்டம்பரில் ஜியோ தனது வீட்டு ஒளியிழைச் சேவையையும் தொடங்கின. ஜி-பான் எனும் முறையில் ஓர் இழையின் ஒளி 'ஸ்ப்ளிட்டர்' வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம். கண்ணாடி இழை உப்புக் காற்றில் அரிப்பதில்லை, மின்னலையும் கடத்துவதில்லை. எனவே கடலோர வீடுகளுக்கு ஒளியிழையால் வேகம் மட்டுமன்றி நிலைத்த இணைப்பும் கிடைத்தது. ஆனால் கூர்மையாக மடித்தால் ஒளி கசியும். கம்பத்தில் தொங்கும் இழை அறுந்தால், அதற்கான கருவி கொண்டுதான் ஒட்ட வேண்டும்.

வீட்டுக்குள் கம்பி

இழை வீட்டு வாசல் வரை வந்த பிறகு தடை வீட்டுக்குள் நகர்ந்தது. பழைய லேன் கம்பியின் நான்கு இணைகளில் இரண்டு மட்டும் சரியாக இருந்தாலே 100 மெகாபிட் ஓடும். ஆயிரம் மெகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். முனையில் ஒரு கம்பி சரியாகப் பொருந்தாவிட்டால், எவ்வளவு வேகத்துக்குப் பணம் கட்டினாலும் 100-இலேயே நின்றுவிடலாம். இதற்குக் கேட்-5இ அல்லது கேட்-6 வகைக் கம்பி தேவை. வை-ஃபையிலும் இதே நிலைதான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் தடித்த செங்கல் சுவரையும் கான்கிரீட்டையும் எளிதில் தாண்டாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே (1, 6, 11). நெருக்கமான தெருக்களிலும் குடியிருப்பு வாரிய அடுக்ககங்களிலும் பல ரூட்டர்கள் அவற்றைப் பகிர வேண்டியுள்ளது. அறைக்கு அறை லேன் கம்பி இழுப்பதே இதற்கு உறுதியான தீர்வு.

2020-இல் கொரோனா ஊரடங்கில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது இணைப்பின் தரம் நேரடியாகப் படிப்பைப் பாதித்தது. ஒரே கைபேசியைப் பகிர்ந்த பிள்ளைகளுக்கும், சொந்தக் கணினியும் கம்பி இணைப்பும் இருந்த பிள்ளைகளுக்கும் ஒரே பாடம் ஒரே அளவில் போய்ச் சேரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு அமைத்த சுமார் 2,300 கி.மீ. கடலடி வடம் தொடங்கி வைக்கப்பட்டது. கடல் கடந்த தீவுகளுக்கு வேகமான இணையம் புறப்பட்ட அதே நகரத்தில், பல வீடுகள் தெருவிலிருந்து சுவரைத் தாண்டி வரும் ஒரு நல்ல இணைப்புக்காகக் காத்திருந்தன.