நாற்பது நாள் அரசன்

சுமேரிய மன்னர்களின் வம்சாவளியைக் கூறும் களிமண் ஏடுகளில், திரிகன் என்னும் அரசனுக்கு எழுதப்பட்டிருக்கும் ஆட்சிக்காலம் 40 நாட்களே. அக்காத் சாம்ராஜ்யம் க்ஷீணித்த காலத்தில் சக்ரோஸ் மலைப் பிரதேசத்திலிருந்து இறங்கிவந்து, டைகிரிஸ் நதியின் சமவெளியில் ஆதிக்கம் பெற்ற குத்தியர் குலத்தின் கடைசி மன்னன் அவன். 21 அரசர்கள் 91 ஆண்டுகள் நடத்தியதாக அவ்வேடுகள் கணக்கிடும் ஆட்சி, அவனோடு அஸ்தமித்தது.

அவனை வென்ற உருக் நகரத்து அதிபதி உத்துஹெங்கலின் வெற்றிச் சாசனமே அவ்வீழ்ச்சியை நமக்கு விவரிக்கிறது. பகைவனின் வாக்காதலால், அதில் குத்தியர் மலையிலிருந்து வந்த நச்சரவு என்றும் தேவர்களின் சத்துருக்கள் என்றும் நிந்திக்கப்படுவதில் வியப்பில்லை. ஆயினும், தெற்கே வயல்களுக்குப் பாயும் நீர் தடுக்கப்பட்டது, வடக்கே வழிகள் அடைக்கப்பட்டன, பெருவழிகளில் புல் ஓங்கி வளர்ந்தது என்று அது எடுத்துரைக்கும் குறைகள், வாய்க்காலையும் வாணிபத்தையும் நம்பிப் பிழைத்த குடிமக்களின் உள்ளக் குமுறலாகவே ஒலிக்கின்றன.

இனன்னா தேவியின் சன்னிதியில் வேண்டிக்கொண்டு, நகரமே ஓராளாய்த் திரண்டு பின்தொடரப் புறப்பட்ட உத்துஹெங்கல், வழியில் திரிகனின் பிரதிநிதிகள் இருவரைச் சிறைப்பிடித்து, ஆறாம் நாள் கர்க்கராவில் இஷ்கூர் தேவனைத் தொழுது, அதாப் நகருக்கு மேற்புறமாக ஆற்றங்கரையில் பொறிவைத்துப் பகைவர் சேனையை முறியடித்தான். தன்னந்தனியாய்க் கால்நடையாகத் தப்பியோடிய திரிகன், அபயம் கிடைக்குமென்று நம்பித் தப்ரும் என்ற ஊரை அடைந்தான். அவ்வூராரோ அவனைப் போகவிடவில்லை. மனைவி மக்களோடு பிடிபட்டு, கைகளில் விலங்கும் கண்களில் கட்டுமாகக் கொண்டுவரப்பட்ட அவனைச் சூரியதேவனின் பாதத்தில் கிடத்தி, வெற்றிவேந்தன் அவன் கழுத்தின்மீது தன் காலை வைத்தான்.

நாற்பது நாளில் ஒருவன் இழைக்கக்கூடிய தீங்கு சொற்பமே. முன்னோர் சேர்த்துவைத்த பகையனைத்தும் அவன் ஒருவன் தலையில் இறங்கியது. பின்னர் ஊர் என்னும் நகரத்தில் புதிய வம்சத்தை ஸ்தாபித்த ஊர்நம்மு, தான் வெட்டுவித்த கால்வாய்களைச் சாசனங்களில் பொறித்துவைத்ததிலிருந்து, அம்மண்ணில் அரசு நிலைப்பதற்கு எது ஆதாரம் என்பது விளங்கும். அதாப்பில் திரிகன் இழந்தது சேனையை. அவன் குலம் ராஜ்யத்தை இழந்ததோ, நீரையும் வழியையும் குடிகளுக்கு மறுத்த அன்றே.