மேசைக்கு வெளியே உருவான மரபு: நியூயார்க் ஸ்டேக்ஹவுஸின் வளர்ச்சி

முன்னுரை

கருமரம் பதித்த சுவர்கள், கஞ்சி போட்ட வெள்ளை மேசைவிரிப்பு, நீண்ட ஏப்ரன் கட்டிய மூத்த பரிமாறுபவர்கள், ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும் உணவுப்பட்டியல், உருகிய வெண்ணெய் வழிய வந்திறங்கும் தடித்த மாட்டிறைச்சித் துண்டு: நியூயார்க்கின் பெயர்பெற்ற ஸ்டேக்ஹவுஸ்களுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் எதிர்பார்ப்பவை இவை. ஓல்ட் ஹோம்ஸ்டெட் 1868-லும், கீன்ஸ் 1885-லும், பீட்டர் லூகர் 1887-லும் தொடங்கப்பட்டவை. அங்கே அமர்பவருக்கு, நூறாண்டுகளுக்கு முன்பு ஒருவர் உண்டதையே தானும் உண்கிறோம் என்ற நிறைவு கிடைக்கிறது.

பழமையானவையாகத் தோன்றும் மரபுகள் பலவும் அண்மைக் காலத்தில், குறிப்பிட்ட தேவைகளுக்காக உருவாக்கப்பட்டவை என்று எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983-இல் தொகுத்து வெளியிட்ட நூல் வாதிட்டது. அக்கருத்தைத் துணைக்கொண்டு ஸ்டேக்ஹவுஸின் வரலாற்றை ஆராயும் இக்கட்டுரை இரண்டு முடிவுகளை முன்வைக்கிறது. முதலாவது, அந்தச் சாப்பாட்டறையின் வழக்கங்கள் பெரும்பாலும் அறைக்கு வெளியே, ரயில் பாதையிலும் அரசு அலுவலகத்திலும் குளிர் அறையிலும் வரிச்சட்டத்திலும் நேர்ந்த மாற்றங்களால் உருவானவை. இரண்டாவது, அந்த மேசையில் நெடுங்காலம் இடம் மறுக்கப்பட்ட பெண்களுக்கு, அதன் உயிரான இறைச்சித் தேர்விலும் நிர்வாகத்திலும் பெரும் பங்கு உண்டு.

சாப்ஹவுஸும் பீஃப்ஸ்டேக் விருந்தும்

ஸ்டேக்ஹவுஸுக்கு இரண்டு மூதாதையர் உண்டு. ஒன்று லண்டனிலிருந்து வந்த சாப்ஹவுஸ். வணிகர்களும் எழுத்தர்களும் நண்பகலில் நுழைந்து, தீயில் வாட்டிய இறைச்சித் துண்டையும் பீரையும் எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பும் எளிய கடை அது. மாட்டிறைச்சியைச் சுட்டுத் தின்பதற்காகவே கூடிய ஆண்கள் சங்கமும் லண்டனில் இருந்தது. நாடக அரங்க உரிமையாளர் ஜான் ரிச் 1735-இல் தொடங்கிய சங்கம் அது. நாடகத்துக்கும் ஸ்டேக்குக்கும் இருந்த இந்த உறவு நியூயார்க்கிலும் தொடர்ந்தது. ஹெரால்ட் சதுக்கத்து நாடக அரங்குகளை அண்டி எழுந்த கீன்ஸில் நடிகர்களும் பத்திரிகையாளர்களும் தங்கள் களிமண் புகைக்குழாய்களை ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அவ்வாறு சேர்ந்த பல்லாயிரம் குழாய்கள் இன்றும் அதன் கூரையில் வரிசையாகத் தொங்குகின்றன.

மற்றொன்று பீஃப்ஸ்டேக் விருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கின் அரசியல் குழுக்களும் தொழில் சங்கங்களும் நடத்திய ஆண்கள் விருந்து இது. ஏப்ரன் கட்டிக்கொண்டு மரப்பெட்டிகளில் அமர்வார்கள். தட்டும் முள்கரண்டியும் கிடையாது. வெண்ணெயில் தோய்த்த இறைச்சித் துண்டுகளை ரொட்டியின் மேல் வைத்துக் கையாலேயே தின்பார்கள். அளவில்லாமல் உண்பதும், ஒரே இறைச்சிக்குப் பந்தியின் முழு மரியாதையையும் கொடுப்பதும் இங்கிருந்து வந்தவை.

உயர்தரச் சாப்பாட்டின் அன்றைய முகவரி இவற்றுக்கு எதிர்த்துருவத்தில் இருந்தது. டெல்மோனிகோ சகோதரர்கள் 1827-இல் பலகாரக் கடையாகத் தொடங்கியது, 1837-இல் சவுத் வில்லியம் தெருவில் மாளிகை போன்ற உணவகமாக வளர்ந்தது. 1862-இல் சேர்ந்த தலைமைச் சமையல்காரர் சார்ல்ஸ் ரான்ஹோஃபர் பிரெஞ்சு முறையில் எண்ணற்ற உணவு வகைகளைச் சமைத்தார். சமையல்காரரின் கைத்திறனே அங்கே மதிப்பு. எளிய சாப்ஹவுஸ் உணவு எப்படி டெல்மோனிகோவின் விலையையும் கௌரவத்தையும் எட்டியது என்பதே அடுத்துப் பார்க்க வேண்டிய கேள்வி.

பனிக்கட்டிப் பெட்டியில் வந்த இறைச்சி

சிகாகோவில் 1865 டிசம்பர் 25-இல் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. மேற்குப் புல்வெளிகளில் வளர்ந்து, அயோவா, இல்லினாய் பகுதிகளின் மக்காச்சோளத்தால் கொழுத்த மாடுகள் அங்கிருந்து உயிருடன் ரயிலேறிக் கிழக்கு நகரங்களுக்குப் போயின. வழியில் அவை மெலிந்தன, காயம்பட்டன, சில செத்தும் போயின. மாட்டின் எடையில் பாதிக்கு மேல் உண்ண உதவாத பகுதி. அதற்கும் சேர்த்தே வண்டிக்கூலி கட்ட வேண்டியிருந்தது.

மாடுகளைச் சிகாகோவிலேயே அறுத்து இறைச்சியை மட்டும் அனுப்பி இந்தக் கணக்கை மாற்றியவர் கஸ்டாவஸ் ஸ்விஃப்ட். பொறியாளர் ஆண்ட்ரூ சேஸ் 1878-இல் அவருக்கு வடிவமைத்துக் கொடுத்த ரயில்பெட்டியில் பனிக்கட்டி மேற்புறத்தில் இருந்தது. குளிர்காற்று கீழே இறங்கி இறைச்சியைச் சுற்றிவந்தது. உயிருள்ள மாடுகளை ஏற்றிச் சம்பாதித்த ரயில் நிறுவனங்களும், சொந்த ஊரிலேயே அறுத்து விற்ற கிழக்குப் பகுதி இறைச்சிக் கடைக்காரர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் குறைந்த விலை வென்றது.

இதனால் உணவகத்துக்கு நேர்ந்த மாற்றம் ஆழமானது. முன்பு கடைக்காரர் மாட்டைப் பார்த்து வாங்கினார். இனி அவர் கண்முன் இருந்தது பிளந்த உடற்பகுதி மட்டுமே. முழு மாட்டையும் விற்றுத் தீர்க்கும் பொறுப்பு, இறைச்சியை அறுத்து அனுப்பும் பொதிநிறுவனத்திடம் போய்விட்டதால், உணவகம் தனக்கு வேண்டிய முதுகுப் பகுதியை மட்டும் வாங்க முடிந்தது. எலும்பின் இருபுறமும் இரு வகைத் தசை அமைந்த போர்ட்டர்ஹவுஸ் துண்டை நாள்தோறும் ஒரே தரத்தில் பரிமாறும் உணவகத்துக்கு இந்த ஏற்பாடு அடித்தளமானது.

தரமுத்திரையும் முதிர்ப்பு அறையும்

கண்ணால் பாராத மாட்டின் தரத்தை எப்படி நம்புவது? அமெரிக்க வேளாண்மைத் துறை மாட்டிறைச்சிக்கான தரவரையறையை 1916-இல் வரைந்தது. 1926-இல் அதை அதிகாரபூர்வமாக்கி, 1927-இல் முத்திரையிடும் பணியைத் தொடங்கியது. மாட்டின் வயதும், தசைநார்களுக்கிடையே வெண்ணிற இழைகளாகப் படரும் கொழுப்பின் அளவும் இதில் முக்கிய அளவுகோல்கள். உச்சத் தரமான பிரைம் குறைவாகவே கிடைத்தது. நல்ல ஹோட்டல்களும் ஸ்டேக்ஹவுஸ்களும் அதை நாடின. ‘பிரைம்’ என்ற அரசு முத்திரை, உணவுப்பட்டியலில் ஒரு வாக்குறுதியாக மாறியது.

முத்திரை பாதி வேலைதான். மீதி, குளிர் அறையில் நடக்கும் உலர்முதிர்ப்பு. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், காற்றோட்டம் உள்ள அறையில் பெரிய இறைச்சித் துண்டுகளை மூன்று நான்கு வாரம் வைக்கிறார்கள். தசையிலேயே இருக்கும் நொதிகள் புரதத்தைச் சிதைத்து மென்மையாக்குகின்றன. ஈரம் வற்றச் சுவை செறிகிறது. மேலே காய்ந்து கறுத்த தோலைச் செதுக்கி எறிய வேண்டும். எடை குறையும், இடம் அடைபடும், முதலும் முடங்கும்.

ஒரு காலத்தில் இது சாதாரண வழக்கம். பிளந்த உடல்களாக இறைச்சி பயணப்பட்ட காலத்தில், தொங்கவிட்டுக் காத்திருப்பது தொழிலின் இயல்பு. 1960-களில் நெகிழி உறைக்குள் காற்றை நீக்கி அடைக்கும் முறை பரவியது. அயோவா பீஃப் பேக்கர்ஸ் நிறுவனம் 1967-இல் வெட்டிய இறைச்சியைப் பெட்டிகளில் அனுப்பத் தொடங்கியது. உறைக்குள்ளேயே இறைச்சி முதிர்ந்தது, எடையும் குறையவில்லை. கடைத்தெரு உலர்முதிர்ப்பைக் கைவிட்டது, ஸ்டேக்ஹவுஸ் கைவிடவில்லை. எல்லோரும் விட்டுவிட்ட பழைய முறையை விடாமல் பிடித்துக்கொண்டதே அதன் உயர்வுக்குக் காரணமாயிற்று.

ஸ்டேக்ஹவுஸ் சமையலறையின் எளிமையையும் இங்கிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். உப்பு, கடுந்தீ, வெண்ணெய் ஆகியவற்றுக்கு மேல் அங்கே பெரிதாக எதுவும் இல்லை. திறமை அடுப்புக்கு முன்பே, வாங்குகிற கண்ணிலும் காத்திருக்கிற பொறுமையிலும் செலவாகிவிடுகிறது. மறைக்கச் சாறு இல்லாததால், தேர்வில் நேர்ந்த பிழை தட்டில் அப்படியே தெரியும்.

மதுவிலக்கு கொடுத்த இடம்

1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு, ஒயின் விற்பனையை நம்பிய பிரெஞ்சு பாணி உணவகங்களை வீழ்த்தியது. டெல்மோனிகோஸ் 1923-இல் மூடப்பட்டது. காலியான இடத்தைக் கள்ளச்சாராய விடுதிகள் பிடித்தன. அங்கே ஸ்டேக் வசதியான உணவு. நுணுக்கமான சமையல்படை தேவையில்லை.

இத்தாலியின் பார்மாவிலிருந்து வந்த பியோ போஸியும் ஜான் கான்ஸியும் 1926-இல் இரண்டாம் அவென்யூவில் பாம் உணவகத்தைத் தொடங்கினார்கள். அது முதலில் இத்தாலிய உணவகம். பத்திரிகை அலுவலகங்கள் பக்கத்தில் இருந்தன. ஸ்டேக் கேட்டவர்களுக்காக அருகிலிருந்த இறைச்சிக் கடைக்குப் போய் வாங்கி வந்து சமைத்துக் கொடுத்தார்கள். கேலிச்சித்திரக்காரர்கள் சாப்பாட்டுக்கு ஈடாகச் சுவரில் வரைந்தார்கள். இந்தச் சித்திரச் சுவரைப் பிற்காலத்துக் கிளைகளும் பின்பற்றின. நடிகை ஹெலன் கல்லகரும் ஜாக் சாலமனும் 1927-இல் 52-ஆம் தெருவில் தொடங்கிய கல்லகர்ஸ், மதுவிலக்கு நீங்கியபின் ஸ்டேக்ஹவுஸாக நிலைபெற்றது. தெருவில் போவோர் கண்ணாடி வழியாகவே முதிரும் இறைச்சியைக் காணும்படி அதன் குளிர் அறை அமைந்தது. மறைவில் நடந்த வேலை அங்கே காட்சியாயிற்று.

மேசையில் இடம்பெறாத பெண்கள்

1868-இல் சார்ல்ஸ் டிக்கன்ஸுக்கு நியூயார்க் பத்திரிகையாளர் மன்றம் டெல்மோனிகோஸில் விருந்து கொடுத்தபோது, பெண் பத்திரிகையாளர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. ஜேன் கன்னிங்ஹாம் க்ரோலி சோரோசிஸ் என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கி, அதே ஆண்டு அதே உணவகத்தில் ஆண் துணையின்றிப் பெண்கள் மதிய உணவு உண்ண வழி செய்தார். நடிகை லில்லி லாங்ட்ரி 1905-இல் தம்மை உள்ளே விடாததற்காக வழக்குத் தொடுத்து வென்றார் என்பது கீன்ஸ் பெருமையுடன் சொல்லும் வரலாறு. 1920-இல் வாக்குரிமை கிடைத்தபின் அரசியல் குழுக்கள் பீஃப்ஸ்டேக் விருந்துக்குப் பெண்களை அழைத்தன. அதனால் விருந்தின் முரட்டுத்தன்மை மாறியதை ஜோசப் மிட்செல் 1939-இல் நியூயார்க்கர் இதழில் பதிவு செய்தார். பொது உணவகங்களில் பாலின அடிப்படையில் இடம் மறுப்பதை நியூயார்க் நகரச் சட்டம் 1970-இல்தான் தடுத்தது.

அதற்குள் ஸ்டேக்ஹவுஸின் மையத்திலேயே பெண்கள் இருந்தார்கள். நலிந்துபோன பீட்டர் லூகரை, எதிரே உலோகப் பாத்திரத் தொழிற்சாலை நடத்திய சோல் ஃபோர்மன் 1950-இல் ஏலத்தில் வாங்கினார். இறைச்சி வாங்கும் பொறுப்பை ஏற்றவர் அவர் மனைவி மார்ஷா. ஓய்வுபெற்ற அரசுத் தரமதிப்பீட்டாளர் ஒருவரிடம் அவர் தொழில் கற்றார். மொத்த விற்பனைக் கிடங்குகளில் தொங்கும் இறைச்சியைத் தொட்டும் பார்த்தும், தமக்கானவற்றில் முத்திரையிட்டார். அந்த வேலை மகள்களுக்கும் பேத்திக்கும் கைமாறியது.

நியூ ஆர்லியன்ஸில் ரூத் ஃபெர்டெல் 1965-இல் வீட்டை அடமானம் வைத்து, 22,000 டாலர் கடன் பெற்று கிரிஸ் ஸ்டேக் ஹவுஸை வாங்கினார். இறைச்சி வெட்டக் கற்றுக்கொண்டு தம் கையாலேயே வெட்டினார். தனித்துக் குழந்தைகளை வளர்க்கும் தாய்மார்களைப் பரிமாறும் வேலைக்கு அமர்த்தினார். ஆண் பரிமாறுபவர்களே உயர்தரத்தின் அடையாளம் என்று கருதப்பட்ட துறையில் இது துணிவான முடிவு. அவரது ரூத்ஸ் கிரிஸ் பின்னர் பெரிய தொடர் உணவகமாயிற்று. ஸ்டேக்ஹவுஸை ஆண்களின் கோட்டையாக மட்டும் எழுதும் வரலாறு, அதன் தரத்தைக் காத்தவர்களை விட்டுவிடுகிறது.

நிறுவனச் செலவும் புதிய பழமையும்

போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் வணிக விருந்துச் செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வரிச்சட்டம் இடம் கொடுத்தது. வாடிக்கையாளரை அழைத்துப்போக ஸ்டேக்ஹவுஸ் பொருத்தமான இடம். உணவில் ஐயம் எழாது, விருந்தாளிக்குச் செய்த செலவு தட்டின் அளவிலேயே தெரியும், பேச்சு தடைப்படாது. 1986 சட்டம் இக்கழிவை 80 சதவீதமாகவும், 1993 சட்டம் 50 சதவீதமாகவும் குறைத்தன. அதற்குள் இந்த வடிவம் வேரூன்றிவிட்டது.

டி.ஜி.ஐ. ஃப்ரைடேஸைத் தொடங்கிய ஆலன் ஸ்டில்மன், 1977-இல் மூன்றாம் அவென்யூவில் ஸ்மித் அண்ட் வோலன்ஸ்கியைத் திறந்தார். அந்த இரண்டு பெயர்களும் தொலைபேசிக் கையேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. இரண்டு பழைய குடும்பங்கள் நடத்தும் கடை என்ற தோற்றத்துடன் அது தொடங்கியது. மறு ஆண்டு சிகாகோவில் ஆர்னி மார்ட்டனும் கிளாஸ் ஃப்ரிட்ஷும் தொடங்கிய மார்ட்டன்ஸில், பச்சை இறைச்சித் துண்டுகளை வண்டியில் வைத்து மேசைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். பெயரைப் படைத்துவிடலாம், இறைச்சியைப் படைக்க முடியாது என்பதை இந்த இரண்டு உணவகங்களும் அறிந்திருந்தன. பழமையின் தோற்றத்துக்கு அடியில் அவை உண்மையான கொள்முதல் திறனைக் கட்டியெழுப்பின.

முடிவுரை

நியூயார்க் ஸ்டேக்ஹவுஸ் நகராமல் நின்ற அமைப்பு அல்ல. ரயில் அதற்கு வேண்டிய பகுதியை மட்டும் வாங்கும் வாய்ப்பைக் கொடுத்தது. அரசு முத்திரை நம்பிக்கையைக் கொடுத்தது. மதுவிலக்கு இடத்தையும், வரிச்சட்டம் வாடிக்கையாளரையும் கொடுத்தன. நெகிழி உறை அதன் பழைய முறையை அரிதாக்கி மதிப்பைக் கூட்டியது. ஆகவே அதைக் காப்பது என்றால் மரப்பலகையையும் விளக்கையும் காப்பது என்று பொருளாகாது. அவற்றை ஒரே மாதத்தில் நிறுவிவிடலாம். கிடங்கில் தொங்கும் நூறு உடல்களில் பத்தை மட்டும் தேர்ந்து மற்றவற்றை மறுக்கும் கண் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரில்தான் அதைக் கற்பிக்க முடியும். இந்த உணவகத்தின் மரபு என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அந்தக் கல்விதான். அதைச் சுமந்தவர்களைப் பெயர் சொல்லிப் பதிவு செய்வது உணவு வரலாற்றின் கடமை.