வலையமைப்பு முகவரி: கையால் இடுவதும் தானாகப் பெறுவதும்

வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணே ஐ.பி. முகவரி. தொடக்கத்தில் இதை ஒவ்வொரு கணினியிலும் கையால் இட்டனர். ஒரே எண் இரு கணினிகளுக்குப் போய்விட்டால் இரண்டின் இணைப்பும் தடுமாறும். எனவே எந்த எண் எந்தக் கணினிக்கு என்று ஒருவர் பட்டியல் வைத்திருக்க வேண்டியிருந்தது.

1985இல் வந்த பூட்பி நெறிமுறை முகவரியை வலையமைப்பின் வழியாகவே அனுப்பியது. ஆனால் பட்டியலை எழுதும் வேலை தீரவில்லை. அதைத் தீர்த்தது 1993இல் வெளியான டி.எச்.சி.பி. இது முகவரியைக் குத்தகைக்கு விடுகிறது; கெடு முடிந்து புதுப்பிக்காவிட்டால் எண் பொதுத் தொகுப்புக்குத் திரும்பும். சில எண்களைப் பல கருவிகள் மாறிமாறிப் பயன்படுத்த முடிந்தது இதனால்தான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் சென்னை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அப்போது ஷெல் கணக்கு வைத்திருந்தவரின் வீட்டுக் கணினிக்குச் சொந்த முகவரியே கிடையாது! நிறுவனக் கணினியின் முனையமாக மட்டுமே அது இயங்கியது.

இன்று மறைமலை நகர் போன்ற தொழில் நகரங்களில் மடிக்கணினியும் கைப்பேசியும் தாமாகவே முகவரி பெறுகின்றன. ஆலை இயந்திரங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கோ நிலையான முகவரி தருவதே வழக்கம். எண் மாறினால், அதைத் தேடும் மற்ற கருவிகளுக்கு அந்த இயந்திரம் அகப்படாது.