ஜெர்மன் பயிற்சி வாள் ‘ஃபெடர்’: குத்தினால் வளைவது ஏன்?

சிலம்பம் பழகுபவருக்குக் கம்பு போல, பழைய ஜெர்மன் வாள்வீச்சு பழகுபவருக்கு ‘ஃபெடர்’. போருக்கான வாள் அல்ல, பயிற்சிக்கானது. 1570-ல் யோவாகிம் மேயர் வெளியிட்ட வாள்வீச்சு நூலின் படங்களிலேயே இதைப் பார்க்கலாம். பழங்கால வாள்களின் நகல்கள் இன்று நம் டேராடூனிலும் தயாராகின்றன.

ஃபெடரை இரண்டு கையால் பிடிக்க வேண்டும். எடை சுமார் ஒன்றரை கிலோ. விளிம்பில் கூர்மை கிடையாது. கைப்பிடிக்கு மேலே அகலமாக இருக்கும் பிளேடு, சட்டென ஒடுங்கிவிடும். இதனால் நுனி லேசாகும், அடியின் பலம் குறையும். குத்தினால் ஸ்பிரிங் ஸ்டீல் பிளேடு வளைந்து விசையை வாங்கிக்கொள்ளும்.

சுவரில் மாட்டும் அலங்கார வாள் இப்படி வளையாது. மோதினால் முறிந்து தெறிக்கலாம், எதிரில் நிற்பவரின் எலும்பும் உடையலாம். ஃபெடரே ஆனாலும் தலைக்கவசம், தடித்த கையுறை இல்லாமல் இறங்கினால் ஆபத்துதான்!