வேகம் கூட்டிய கதை

நம் சங்க மலரில் வரலாறு என்றால் கஞ்சமலை இரும்பைப் பற்றியோ சங்ககிரிக் கோட்டையைப் பற்றியோதான் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அவற்றை எழுத என்னைவிடத் தகுதியான நண்பர்கள் நம்மிடையே உண்டு. நான் எழுத வந்திருப்பது, நம் தலைமுறையோடு வளர்ந்து, நம் கண் முன்னாலேயே உச்சியைத் தொட்டுத் தயங்கி நின்ற ஒரு வேகத்தின் வரலாறு. கம்ப்யூட்டர் பிராசசரைக் குறித்த அளவுக்கு மேல் முடுக்கி, அதில் விமானம் ஓட்டிப் பார்த்த கதை. "அட, விளையாட்டுச் சமாச்சாரம், இதுல என்ன வரலாறு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதே வகைக் கணக்குதான் பெங்களூரில் ஒரு போர் விமானத்தை மேலே ஏற்றியது.

ஆர்கன் பட்டறையில் பிறந்த விமானம்

தரையில் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டப் பழகும் யோசனை கம்ப்யூட்டருக்கு முந்தையது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தம் குடும்பத்தின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் இருந்த காற்றுத் துருத்திகளைக் கொண்டு 1929-ல் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். உள்ளே உட்கார்ந்து கோலை அசைத்தால் பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். இரண்டாம் உலகப் போரில் ஏராளமான விமானிகள் முதலில் ஏறியது இந்தப் பெட்டியில்தான்.

பிறகு துருத்தியின் வேலையைக் கணக்கு எடுத்துக்கொண்டது. புரூஸ் ஆர்ட்விக் என்ற பொறியாளர் 1970-களின் கடைசியில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ஒரு ஃப்ளைட் சிமுலேட்டர் எழுதினார். 1982-ல் அதன் வழிவந்த பதிப்பை மைக்ரோசாஃப்ட் ஐபிஎம் பிசிக்கு வெளியிட்டது. அந்த பிசியில் இருந்த 8088 பிராசசரின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். கோடுகளால் வரைந்த மலை, கோடுகளால் வரைந்த ரன்வே. ஆனாலும் அந்த புரோகிராம் கம்ப்யூட்டரின் மூலை முடுக்கையெல்லாம் வேலை வாங்கியது. ஒரு நகல் கம்ப்யூட்டர் ஐபிஎம்முக்கு உண்மையிலேயே ஈடுதானா என்று பார்க்க, லோட்டஸ் 1-2-3-ஐயும் ஃப்ளைட் சிமுலேட்டரையும் ஓட்டிப் பார்ப்பதே அன்றைய உரைகல்லாக இருந்தது.

விமானம் மட்டும் ஏன் இவ்வளவு வேகம் கேட்கிறது? இறக்கையின் தூக்குவிசை, காற்றின் தடை, எஞ்சினின் உந்துதல், எடை எல்லாவற்றையும் கணக்கிட்டு, மூன்று திசையில் நகர்வு, மூன்று அச்சில் திருப்பம் என்று ஆறு அசைவுகளை நொடிக்குப் பல முறை கண்டுபிடிக்க வேண்டும். தனி 3டி கார்டு வராத காலத்தில் வெளியே தெரியும் தரையையும் அதே பிராசசர்தான் வரைய வேண்டும். 60 நாட் வேகத்தில் இறங்கும் சிறு விமானம் நொடிக்குச் சுமார் 31 மீட்டர் ஓடுகிறது. திரையில் நொடிக்கு 4 படம்தான் விழுகிறது என்றால், படத்துக்குப் படம் ஏறக்குறைய 8 மீட்டர் தாவிவிடும். தரை தொடும் கடைசி நேரத்தில் மூக்கைத் தூக்க வேண்டிய கணம் அந்தத் தாவலுக்குள்ளேயே போய்விடும்! நொடிக்கு 25 படம் விழுந்தால்தான் கையும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யும்.

கடிகாரமும் புல்லியும்

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒரு ஷாஃப்டு சுற்றுகிறது. புல்லியின் அளவுக்கேற்ப தறி அதைவிட வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகிறது. கம்ப்யூட்டரிலும் அப்படியே. மதர்போர்டின் பஸ் ஒரு வேகத்தில் துடிக்கிறது. பிராசசர் அதை ஒரு எண்ணால் பெருக்கிக்கொண்டு ஓடுகிறது. 1990-களின் நடுவில் வந்த பென்டியம் 75 என்பது 50 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸின் ஒன்றரை மடங்கு. பென்டியம் 100 என்பது 66-ன் ஒன்றரை மடங்கு. பெருக்கல் ஒன்றேதான், பஸ்தான் வேறு. மதர்போர்டில் சின்ன ஜம்பரைப் பிடுங்கி அடுத்த முள்ளில் செருகினால் பல 75-கள் 100 ஆகவே ஓடின.

அது எப்படி? ஒரே சிலிக்கான் தட்டில் அச்சாகும் சில்லுகள் எல்லாம் ஒரே தரமாக வருவதில்லை. தொழிற்சாலை ஒவ்வொன்றையும் சோதித்து, தாங்கும் வேகத்துக்கேற்ப முத்திரை குத்துகிறது. ஆனால் சந்தையில் மலிவு விலைச் சில்லுக்குக் கிராக்கி அதிகமென்றால், நன்றாக ஓடக்கூடிய சில்லுக்கும் குறைந்த வேக முத்திரையே விழும். அதாவது, மேலே எழுதியிருக்கும் எண்ணில் பாதி இயற்பியல், பாதி வியாபாரம். எது எந்தப் பாதி என்று கண்டுபிடிக்கும் கலைக்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர்.

சேலத்துக்கு வந்த செலரான்

நாம் படித்தபோது கம்ப்யூட்டர் லேப் என்றால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போகிற கோயில். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு மெஷினுக்கு மூன்று பேர். 1984-ல் வந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கையும் 1991-ன் தாராளமயமும் சேர்ந்து, 90-களின் கடைசியில்தான் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டுகிற அசெம்பிள்டு கம்ப்யூட்டர் நம் கைக்கெட்டியது.

1998 ஆகஸ்டில் இன்டெல் செலரான் 300ஏ வந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், நாலரை மடங்கு பெருக்கல். பெருக்கலை இன்டெல் பூட்டி வைத்திருந்தது, பஸ்ஸைப் பூட்டவில்லை. பஸ்ஸை 100-க்கு ஏற்றினால் 450 மெகாஹெர்ட்ஸ்! அதே மாதம் வந்த பென்டியம் 2-ன் உச்ச வேகமும் 450தான். விலையோ பல மடங்கு. செலரானில் 128 கேபி கேஷ் பிராசசரின் முழு வேகத்தில் ஓடியது; பென்டியம் 2-ல் 512 கேபி இருந்தும் பாதி வேகத்தில்தான் ஓடியது. அதனால் பல வேலைகளில் ஏழையின் செலரான் பணக்காரச் சில்லுக்குத் தோள் கொடுத்து நின்றது. அபிட் பிஎச்6 மாதிரி போர்டுகளில் ஜம்பரே வேண்டாம், பயாஸ் திரையிலேயே எண்ணை மாற்றலாம்.

நாங்கள் நான்கு பேர் பணம் போட்டு அந்தச் சில்லை வாங்கினோம். எங்களில் ஒருவனுக்கு பைலட் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த அவன் அப்பாவால் பயிற்சிக் கட்டணத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அவனுக்குக் கிடைத்த ஒரே காக்பிட் அந்த 15 இஞ்ச் மானிட்டர்தான். அதனால் எங்களுக்கு அது விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை. ஃப்ளைட் சிமுலேட்டர் 98-ல் விமானம் கிளம்பும் இடம் சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு. ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் 1993-ல் திறந்த நம் சேலம் விமான நிலையத்தில் அப்போது பயணிகள் விமானம் வருவதில்லை. ஆகவே மிச்சிகன் ஏரிக்கரைதான் எங்களுக்கு மனப்பாடம்.

தை மாதம் வரை 450 கிண்ணென்று ஓடியது. பங்குனி பிறந்ததும் மத்தியானமானால் திரை உறைந்துவிடும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சில்லு தின்னும் மின்சக்தி வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருமடியாகவும் ஏறும். வேகம் ஒன்றரை மடங்கு. நிலையாக ஓட வோல்டேஜை 2.0-லிருந்து 2.2 ஆக்கினால் அது 1.21 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், வெப்பம் ஏறத்தாழ 1.8 மடங்கு. அறையிலோ 40 டிகிரி.

நண்பனின் மாமா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"ஏங் கண்ணு, எஞ்சினை முடுக்கியிருக்கீங்க, சரி. ரேடியேட்டர் அதே பழசுதானா?"

"ஆமாங்க மாமா."

"அப்புறம் தொப்பூர் ஏத்தத்துல நிக்காம என்ன பண்ணும்? பாரம் ஏத்துனா ரேடியேட்டரையும் பெருசாக்கோணும்."

பட்டறையிலிருந்த அலுமினியக் கட்டை ஒன்றில் வரிவரியாகப் பள்ளம் அறுத்துக் கொடுத்தார். டிரான்சிஸ்டருக்குத் தடவுகிற வெள்ளைப் பசை, ஒரு 12 வோல்ட் ஃபேன். அந்தச் சித்திரையில் மத்தியானம் இரண்டு மணிக்கும் விமானம் பறந்தது. தெர்மோடைனமிக்ஸ் பாடத்தில் மதிப்பெண் வாங்கியதைவிட அதிகமாக அன்றைக்குப் புரிந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பெங்களூரில் நடந்தது

இதே பற்றாக்குறை நாட்டுக்கும் இருந்தது. 1980-களில் இந்தியா கேட்ட பெரிய கிரே சூப்பர் கம்ப்யூட்டரைக் கொடுக்க அமெரிக்கா மறுத்தது. வானிலைப் பணிக்கென்று சிறிய எக்ஸ்-எம்பி 14 மட்டும் 1989-ல் டெல்லிக்கு வந்தது. அதற்கு முன்பே, 1986-ல், பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் யு.என்.சின்ஹாவின் குழு ஒரு வழி கண்டிருந்தது. விமானத்தைச் சுற்றிக் காற்று ஓடுவதைக் கணக்கிட, சாதாரண 8086 பிராசசர்களை 8087 துணைச் சில்லுகளோடு நான்காகச் சேர்த்து ஃப்ளோசால்வர் என்ற இணைக் கணினியைக் கட்டினார்கள். 1988-ல் சி-டாக் பிறந்தது. 1991-ல் பரம் 8000 வந்தது.

அடுத்த சோதனை 1998. மே மாதம் பொக்ரான் அணு வெடிப்பு; உடனே அமெரிக்கத் தடை. இலகு ரகப் போர் விமானத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளை அங்கே உள்ளவர்களோடு சேர்ந்து சோதித்துக்கொண்டிருந்த நம் பொறியாளர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த விமானமோ கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி பிடித்துக்கொள்ளாவிட்டால் நிலைகுலையும் வகை. கட்டுப்பாட்டு விதிகளை இங்கேயே முடித்து, தரையிலுள்ள சிமுலேட்டர்களில் விமானிகள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் அதை வானில் ஏற்றினார். 2003-ல் பிரதமர் வாஜ்பாய் அதற்கு தேஜஸ் என்று பெயரிட்டார். 2018-ல் அதன் முதல் படைப்பிரிவு நம் பக்கத்துச் சூலூருக்கு வந்தது.

இரண்டு தேஜஸ்

வேடிக்கை என்னவென்றால், இன்டெல்லும் தன் அடுத்த பிராசசருக்கு தேஜஸ் என்றே உள்பெயர் வைத்திருந்தது. 2004 மே மாதம் அதைக் கைவிட்டது. முக்கிய காரணம் வெப்பமும் மின்செலவும்! எங்கள் பங்குனி மத்தியானம் இன்டெல்லின் வாசலுக்கும் வந்துவிட்டது. அந்த ஆண்டு பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸில் நின்றது.

ஒரு சின்னக் கணக்கு. 1985-ல் 386 பிராசசரின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். 19 ஆண்டுகளில், 2004-ல், அது 3,800 ஆயிற்று. சுமார் 237 மடங்கு. அடுத்த 19 ஆண்டுகளில், 2023-ல், 6,000. ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 2006-ல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் ஒற்றைக் கோரின் வேகத்தையே நம்பியதால், அடுத்தடுத்து வந்த புதிய கம்ப்யூட்டர்களிலும் பல ஆண்டு திணறியது. தொழிலோ ஒரு குதிரையை விரட்டுவதை விட்டுப் பல குதிரைகளைப் பூட்டப் போயிற்று. ஃப்ளோசால்வர் 1986-ல் செய்த அதே வேலை.

பின்னர் கம்பெனிகளே பூட்டைத் திறந்த சில்லுகளை விற்றன. தொழிற்சாலையே விளிம்பு வரை முடுக்கி அனுப்பியது. 2024-ல் தன் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் சில அதிக வோல்டேஜால் பழுதாவதை இன்டெல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. நாமக்கல் மாமாவின் ரேடியேட்டர் தத்துவம் யாருக்கும் விலக்கு கொடுப்பதில்லை.

பைலட் ஆசைக்காரன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அப்பாவின் லாரிகளைத்தான் பார்த்துக்கொள்கிறான். 2018-ல் சேலத்துக்கு மறுபடி விமானம் வந்தபோது சென்னைக்குப் போய் இறங்கியதும் எனக்கு போன் செய்தான்: "இறங்கறப்போ மூக்கைச் சரியான நேரத்துல தூக்குனான்டா!" அந்தச் சேவை 2021-ல் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கையிலுள்ள போன், எங்கள் செலரானைப் பல மடங்கு மிஞ்சும். ஆனால் அதன் மூடியைத் திறக்க விடமாட்டார்கள். பரவாயில்லை; சென்னை ஐஐடியில் உருவான சக்தி பிராசசரின் வடிவமைப்பு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. அதைப் படியுங்கள், ஓட்டிப் பாருங்கள். எந்தப் பொருளிலும் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தால், இதில் இயற்கை விதித்தது எவ்வளவு, வியாபாரம் விதித்தது எவ்வளவு என்று ஒரு முறை கேளுங்கள். இரண்டாவதைத் தாண்டலாம். முதலாவதுக்கு ரேடியேட்டர் கட்டிவிட்டுத் தாண்டலாம்.